‘வெரசா வாத்தா’ என்றால் திட்டுகிறார்களா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். ஆறு மாதத்துக்கு முன் கல்யாணமாகிக் காரைக்குடிப் பக்கம் வந்திருக்கிறீர்கள். அயித்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ‘வெரசா வாத்தா’, ‘வெரசா எடு’, ‘வெரசா கெளம்பு’ என்கிறார். வீட்டுக்காரர் அதை ‘விரசம்’ என்ற சொல்லோடு முடிச்சுப் போட்டு ஏதோ சொல்லியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் தோழியோ ‘ஜல்தி மாதிரி இதுவும் உருதுவாக இருக்கும்’ என்கிறார். இதில் எது சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘இது கொச்சையா, நானும் பேசலாமா?’ என்று ஒன்று சேர்த்திருக்கிறீர்களே, உங்களுக்கு உண்மையில் வேண்டியது அதற்கான பதில்தான் என்று எனக்குப் படுகிறது. புகுந்த வீட்டில் காதில் விழும் ஒரு சொல் அதட்டலா, அன்பா என்று தெரியாமல் இருப்பது சின்னச் சங்கடமில்லை. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் தேவகோட்டைப் பக்கத்துக்காரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன். அதை 1929-ல் நிறுவிய அண்ணாமலைச் செட்டியாரும் நம் கானாடுகாத்தான்காரர்தான். அப்புறம் 28 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பேச்சுத் தமிழின் ஒலிகள் எப்படி மாறுகின்றன என்பதுதான் நான் ஓரளவு ஆழமாகப் பார்த்த விஷயம். அதனால் அந்தப் பகுதியை உறுதியாகச் சொல்ல முடியும். மற்ற இடங்களில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

சுருக்கமான பதில் இது. ‘வெரசா’ தமிழ்ச் சொல். ‘விரைதல்’ என்ற வினைதான் அதன் வேர். ‘விரசம்’ என்பதோடு அதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. உருதுவிலிருந்தும் வரவில்லை. கொச்சை என்று ஒதுக்க வேண்டிய சொல்லும் அல்ல. இவ்வளவும் உறுதி. அந்தச் சொல்லின் வாலில் இருக்கிற ‘சா’ எப்படி ஒட்டியது என்பதில் மட்டும்தான் சந்தேகம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம்.

‘விரை’ எப்படி ‘வெர’ ஆனது? இதற்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம், அடுப்படியில் நின்றால் போதும். வெள்ளைப் பணியாரம் சுடும்போது அயித்தை என்ன சொல்வார் என்று கவனித்துப் பாருங்கள். பச்சரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் ஊற்றுகிறோம். அது பேருக்கேற்றபடி வெள்ளையாகவே எழும்பி வர வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் நிறம் மாறிவிடும். ‘வெரசா எடு, செவந்துரும்’ என்பார். இந்த ஒரு வாக்கியத்தில் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. எழுத்தில் ‘சிவந்துவிடும்’, பேச்சில் ‘செவந்துரும்’. ‘சி’ என்பது ‘செ’ ஆகியிருக்கிறது. அதே வழியில்தான் ‘வி’ என்பது ‘வெ’ ஆனது. சொல்லின் முதலில் இகரம் வந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருந்தால், பேச்சில் அந்த இகரம் எகரமாகத் தாழும். இலை எலையாகிறது, நிலம் நெலமாகிறது, விலை வெலையாகிறது, விறகு வெறகாகிறது, இடம் எடமாகிறது. உகரத்துக்கும் இதே கதைதான். உலக்கை ஒலக்கை, புகை பொகை, குடை கொடை. பேச்சுத் தமிழில் இவ்வளவு ஒழுங்காக நடக்கிற மாற்றங்கள் குறைவு. நீங்கள் சென்னையில் வளர்ந்திருந்தாலும் ‘எலை’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆகவே இது உங்களுக்கும் பழக்கப்பட்ட மாற்றமே.

அடுத்தது நடுவில் இருக்கிற ஐகாரம். சொல்லுக்கு நடுவில் வரும் ஐ, பேச்சில் குறுகி அகரமாகிவிடும். பனைமரம் பனமரம் ஆகிறது, உடைமை ஒடமை ஆகிறது. இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் என்று படித்திருப்பீர்களே, அது இதன் பக்கத்து வீடு. கடைசியில் உள்ள ‘ஆக’ என்பது ‘ஆ’ என்று தேய்வதும் எல்லாரும் அறிந்தது. நல்லாக, மெதுவாக என்பவை நல்லா, மெதுவா என்றாகின்றன. இந்த மூன்றையும் சேர்த்தால் ‘விரைசாக’ என்பது தானாகவே ‘வெரசா’ என்று வந்து நிற்கும். இதில் எந்தப் படியும் இட்டுக்கட்டியது அல்ல. ஒவ்வொன்றுக்கும் நம் பேச்சில் பல சாட்சிகள் உண்டு.

‘விரசம்’ விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். அது சமஸ்கிருதம். ரசம் இல்லாதது, சுவை கெட்டது என்று பொருள். தமிழில் அது ஆபாசம் என்ற பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எழுத்தும் பத்திரிகையும் வழியாக வந்த சொல் என்பதால் அதை யாரும் ‘வெரசம்’ என்று சொல்வதில்லை, கவனித்திருப்பீர்கள். ‘வெரசா’வுக்கும் அதற்கும் பொருளில் ஒரு பாலமும் இல்லை. காதுக்கு ஒரே மாதிரி கேட்பதை வைத்து உறவு சொல்வதுதான் சொல் ஆராய்ச்சியில் எல்லாரும் முதலில் விழுகிற குழி. தோழி சொன்ன ‘ஜல்தி’ உருதுதான், அதில் அவர் சரி. ஆனால் விரைவு என்ற பொருளில் ‘வெரசா’வுக்கு மூலமாகக் காட்டக்கூடிய உருதுச் சொல் கிடையாது. ‘விராசத்’ என்று ஒன்று உண்டு, அது வாரிசுச் சொத்தைக் குறிப்பது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் உரியியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஆசிரியர் ஒரு வேலை செய்கிறார். மக்களுக்கு எளிதில் விளங்காத சொற்களை எடுத்து, விளங்குகிற சொற்களால் பொருள் சொல்கிறார். தெரிந்த சொல்லை நான் விளக்கப் போவதில்லை, தெரியாத சொல்லைத்தான் விளக்குகிறேன் என்று முன்னாலேயே சொல்லியும் விடுகிறார். ‘வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா, வெளிப்பட வாரா உரிச்சொல் மேன’ என்பது அவர் வாக்கு. அந்தப் பகுதியில் ஒரு சின்ன நூற்பா வருகிறது: ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள.’

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கதழ்வு, துனைவு என்ற இரண்டும் அந்தக் காலத்திலேயே விளக்கம் வேண்டிய சொற்கள். அவற்றை விளக்கப் பயன்பட்ட சொல் விரைவு. அப்படியென்றால் விரைவு அன்றைக்கே எல்லார் வாயிலும் இருந்த, விளக்கமே தேவைப்படாத சொல். தொல்காப்பியத்தின் காலத்தைப் பற்றி அறிஞர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு உண்டு. பலரும் ஏற்கிற கணக்கில் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அது ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்குக் குறையாது. கதழ்வும் துனைவும் இன்று புலவர்களின் உரைகளில் மட்டும் இருக்கின்றன. அன்று சாதாரணமாக இருந்த விரைவு, இன்றும் சாதாரணமாகவே, பணியாரச் சட்டியின் பக்கத்தில் நிற்கிற ஒரு அம்மாவின் வாயில் இருக்கிறது. வகுப்பில் இந்த நூற்பாவை நடத்தும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

இதற்கு நடுவில் எத்தனையோ சொற்கள் வந்து போயிருக்கின்றன. திருப்பாவையின் பதினைந்தாம் பாட்டில், தூங்குகிற தோழியிடம் ஆண்டாள் ‘ஒல்லை நீ போதாய்’ என்கிறாள். சீக்கிரம் எழுந்து வாடி என்பதுதான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘வெரசா வாடி’. அந்த ‘ஒல்லை’ என்ற அழகான சொல்லைத் திருப்பாவைக்கு வெளியே நான் யார் வாயிலும் கேட்டதில்லை. ‘கடிது’, ‘கடுகி’ என்பவையும் அப்படியே பேச்சிலிருந்து போய்விட்டன. வள்ளுவரிடம் ‘விரைந்து’ பல இடங்களில் வருகிறது. தன்னைத் தானே வியந்துகொள்கிறவன் ‘விரைந்து கெடும்’ என்கிறார். கயவர்கள் தங்களுக்கு ஒரு கேடு வந்தால் ‘விற்றற்கு உரியர் விரைந்து’ என்று முடிக்கிறார். இரண்டு குறளிலும் அந்தச் சொல் வருவது முடிவை ஒட்டித்தான். குறளைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அந்த வேகம் காதில் விழும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது காரைக்குடியில் கம்பன் விழாவுக்கு அப்பா கூட்டிப் போவார். 1939-ல் சா. கணேசன் தொடங்கிய விழா அது. மேடையில் பேசுகிறவர்கள் ‘விரைந்து வந்தான்’ என்பார்கள். வீட்டில் அப்பத்தா ‘வெரசா வந்தான்’ என்பார். இரண்டும் ஒரே சொல் என்று எனக்குத் தெரியாது. அது மேடைக்கு, இது வீட்டுக்கு என்று நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்பில் கட்டுரையில் ‘மாமா வெரசா வந்தார்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ‘சீக்கிரம்’ என்று எழுதினார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, ‘சீக்கிரம்’ என்பது ‘சீக்ர’ என்ற சமஸ்கிருதச் சொல்லின் தமிழ் வடிவம் என்று. கடன் வாங்கிய சொல்லைப் பேசக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நானும் தினமும் ‘சீக்கிரம்’ என்றுதான் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டாத ‘வெரசா’வுக்காக வெட்கப்பட வைத்ததுதான் எனக்குத் தாங்காத விஷயம். பின்னால் நானே ஆசிரியரானபோது, பிள்ளைகள் ‘வெரசா’ என்று எழுதினால் அடிக்க மாட்டேன். பக்கத்தில் பென்சிலால் ‘விரைவாக’ என்று எழுதி, இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து இணைத்துவிடுவேன்.

சரி, இப்போது சந்தேகமான இடம். ‘விரை’ தெரிகிறது, ‘ஆக’ தெரிகிறது. நடுவில் ‘ச்’ எங்கிருந்து வந்தது? இரண்டு வழி தெரிகிறது.

முதல் வழி, ‘விரைசல்’. வினையோடு ‘சல்’ சேர்த்துப் பெயராக்குவது தமிழில் நல்ல பழக்கமுள்ள முறை. விரியிலிருந்து விரிசல், நெரியிலிருந்து நெரிசல், கரையிலிருந்து கரைசல், உடையிலிருந்து உடைசல், குடையிலிருந்து குடைசல். அப்படியே விரையிலிருந்து விரைசல், அதிலிருந்து விரைசலாக, பேச்சில் ‘வெரசலா’. இதற்குப் பெரிய பலம் என்னவென்றால், ‘வெரசலா’ என்ற வடிவமும் தென்மாவட்டப் பேச்சில் இருக்கிறது. மதுரைக்குத் தெற்கே வயதானவர்கள் ‘வெரசலா வாய்யா’ என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் பலவீனமும் உண்டு. ‘வெரசலா’ எப்படி ‘வெரசா’ ஆகும்? நடுவில் இருக்கிற லகரம் எங்கே போயிற்று? ‘நெரிசலா இருக்கு’ என்பதை யாரும் ‘நெரிசா இருக்கு’ என்று சொல்வதில்லையே.

இரண்டாவது வழி, ‘புதுசா, பழசா, பெருசா, இளசா’ என்ற குடும்பம். புதியது புதுசு ஆனது, பழையது பழசு ஆனது, பெரியது பெருசு ஆனது. அவற்றோடு ‘ஆ’ சேர்ந்து வினைக்கு முன்னால் வரும். ‘வெரசா’ அச்சு அசலாக அந்த வார்ப்பில் இருக்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு தடை இருக்கிறது. புதியது, பழையது என்பதெல்லாம் பண்பிலிருந்து வந்தவை. விரை என்பது வினை. ‘விரையது’ என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை. ஆக, இந்த வழி நேராக ‘வெரசா’வில் போய் முடியவில்லை.

என் சாய்வு எதுவென்று கேட்டால், இரண்டும் சேர்ந்து நடந்தது என்பேன். தொடக்கம் ‘விரைசல்’. அது ‘வெரசலா’ என்று புழங்கியது. அப்புறம் புதுசா, பெருசா, லேசா என்று பக்கத்திலேயே தினமும் புழங்கிய சொற்களின் இழுப்பில் லகரத்தை விட்டுவிட்டு ‘வெரசா’ என்று சுருங்கியது. மொழியில் சொற்கள் இப்படிக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் இது ஊகம்தான், நிரூபணம் இல்லை. இதை நிரூபிக்கப் பழைய அச்சிலோ கையெழுத்திலோ ‘விரைசலாக’, ‘விரைசாக’ என்ற வடிவங்கள் எந்தெந்தக் காலத்தில் வருகின்றன என்று தேடிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஆர்வமிருந்தால் ஒரு இடம் சொல்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த பழைய நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் இன்று சென்னையில், அவர் பெயரிலேயே 1994-ல் அமைந்த நூலகத்தில் இருக்கின்றன. பேச்சுமொழியில் அச்சிட்ட நாட்டுப்பாட்டு, நாடகம் மாதிரியான சிறு வெளியீடுகளில்தான் இப்படிப்பட்ட சொல் அகப்படும். கடிதங்களில் தேடுவது அவ்வளவு பயன் தராது. எங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்த நாலைந்து கடிதம் இருக்கிறது. வீட்டில் ‘வெரசா’ என்று பேசியவர்களே பேனா எடுத்ததும் ‘சீக்கிரம்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். தொல்காப்பியத்தில் ‘விரைசொல் அடுக்கே மூன்று வரம்பாகும்’ என்று இன்னொரு நூற்பா உண்டு. அவசரத்தில் ஒரு சொல்லை மூன்று தடவை வரைக்கும் அடுக்கிச் சொல்லலாம் என்பது அதன் பொருள். பாம்பைப் பார்த்தால் ‘பாம்பு பாம்பு பாம்பு’ என்று கத்துகிறோமே, அதுதான். இந்த ‘விரைசொல்’தான் ‘வெரசா’ ஆனது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது விரைகின்ற சொல் என்ற வினைத்தொகை. அதில் வரும் ‘சொ’வும் நம் ‘சா’வும் பக்கத்தில் நிற்பது தற்செயல்.

இதே போல ‘விறுவிறு’ என்பதையும் கூட்டிச் சேர்க்கக் கூடாது. ‘விறுவிறுன்னு நடந்தான்’ என்று சொல்கிறோம், பொருளும் கிட்டத்தட்ட வேகம்தான். ஆனால் அதில் வல்லின றகரம். அது ஒலியைக் கொண்டே உருவான இரட்டைக் கிளவி. இன்று பேச்சில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றாகக் கேட்பதால் குழப்பம் வருகிறது. ‘விரட்டு’ என்பதையும் சிலர் விரையோடு சேர்ப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ‘வெருட்டு’, அதாவது பயமுறுத்து என்பதிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். ‘வெரு’ என்றால் அச்சம். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘வெருட்டாதே’ என்றால் பயமுறுத்தாதே என்றுதான் பொருள். இன்னொன்று, பக்திப் பாடல்களில் ‘விரை’ என்று வந்தால் நிதானியுங்கள். திருவாசகத்தில் ‘விரையார் கழற்கு’ என்று வருவது மணம் நிறைந்த திருவடிக்கு என்ற பொருளில். மணத்துக்கும் விதைக்கும் வேகத்துக்கும் ‘விரை’ என்ற ஒரே வடிவம் வந்து சேர்ந்திருக்கிறது.

அக்கம்பக்கத்து மொழிகளையும் பார்க்கலாம். பழைய மலையாளப் பாட்டுகளில் ‘விரவொடு’, ‘விரவில்’ என்று வந்தால் வேகமாக என்று பொருள். அது நம் விரைவின் உடன்பிறப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழில் ‘விரவு’ என்றால் கலத்தல் என்பதால், தமிழ்க் காதோடு அதைப் படிப்பவர்கள் தடுமாறுவார்கள். கன்னடத்தில் ‘பிரபிரனெ’ என்றால் விறுவிறுவென்று. முதலெழுத்தை ‘பஸ்’ என்பதில் வரும் ஒலியோடு சொல்ல வேண்டும். தமிழில் வகரத்தில் தொடங்கும் சொல் கன்னடத்தில் அந்த ஒலியோடு தொடங்குவது வழக்கம். நம் விரல் அங்கே ‘பெரளு’. அதனால் உறவு இருக்க இடமுண்டு. தெலுங்கிலும் ‘பிரபிர’ உண்டு. ஆனால் தெலுங்கு பொதுவாக வகரத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். நம் வேர் கன்னடத்தில் ‘பேரு’, தெலுங்கில் ‘வேரு’தான். ஆகவே தெலுங்குச் சொல் கன்னடத்திலிருந்து போயிருக்கலாம், அல்லது வெறும் ஒலிக்குறிப்பாகவும் இருக்கலாம். அங்கே நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பக்கத்து மொழிகளைப் பற்றிப் பேசும்போது ‘அவசரம்’ என்ற சொல்லைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சமஸ்கிருதத்தில் அதற்குத் தருணம், வாய்ப்பு என்று பொருள். மலையாளத்தில் இன்றும் வாய்ப்புதான். தெலுங்கில் அது தேவை. கன்னடத்திலும் தமிழிலும் பரபரப்பு. ஒரே சொல் நான்கு வீட்டில் மூன்று விதமாக வளர்ந்திருக்கிறது. ஒரு மலையாளி ‘அவசரம் கிடைச்சு’ என்று சொன்னால், அவருக்கு ஏதோ அவசரம் என்று நீங்கள் வழிவிட்டுவிடக் கூடாது.

இனி, பேசலாமா என்ற கேள்வி. அதற்கு முன் இந்தப் பக்கத்துப் பேச்சில் ‘வெரசா’ எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் ‘சீக்கிரம்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போடுவீர்கள். சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் குளி, சீக்கிரம் நட. இங்கே அது மூன்றாகப் பிரியும். ‘நாளைக்கு வெள்ளனா எந்திரிச்சு, சுருக்கா குளிச்சு, வெரசா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு’ என்று ஒருவர் சொன்னால், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது. ‘வெள்ளனா’ என்பது நேரத்தோடு, அதிகாலையிலேயே என்பது. கிழக்கு வெளுப்பதிலிருந்து வந்த ‘வெள்ளென’தான் அது. யாழ்ப்பாணத்திலும் ‘வெள்ளன’ உண்டு. ‘சுருக்கா’ என்பது செய்கிற வேலையைச் சுருக்கி முடி என்பது. ‘வெரசா’ என்பது கால் வேகம், கை வேகம். வெள்ளனா கிளம்பி, பைய நடந்து வருகிறவரும் உண்டு. அந்தப் ‘பைய’வும் லேசான சொல்லில்லை. காதலி ‘பைய நகும்’ என்று வள்ளுவர் சொன்ன அதே பைய. மலையாளத்தில் இன்றும் ‘பய்யெ’ என்கிறார்கள்.

சொல்லின் தொனிக்கு வருவோம். ‘வெரசா’ தன்னளவில் அதட்டல் கிடையாது. அதோடு என்ன சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் அயித்தை ‘வெரசா வாத்தா’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வா ஆத்தா’தான் அது. இந்தப் பக்கத்தில் மகளையும் மருமகளையும் பேத்தியையும் ஆத்தா என்று கூப்பிடுவது செல்லம். பெற்ற தாயைக் கூப்பிடுகிற சொல்லால் பிள்ளையைக் கூப்பிடுவது. கோபமாக இருக்கும்போது அந்தச் சொல் வாயில் வராது. ‘வெரசா வாத்தா’ என்பதற்கு ‘பந்தி ஆரம்பிக்கப் போகுது, உனக்கும் சேத்து எடம் போட்டிருக்கேன், வந்துரு’ என்ற அளவுக்கு அர்த்தம் உண்டு. வெறும் ‘வெரசா வா’ என்றால் கொஞ்சம் பரபரப்பு, அவ்வளவுதான்.

நீங்களும் தாராளமாகப் பேசலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வயதில் பெரியவர்களிடம் ‘வெரசா வாங்க’ என்று மருமகள் சொல்வது இங்கே கொஞ்சம் உறுத்தும். சொல் தவறு என்பதனால் அல்ல, பெரியவர்களைத் துரிதப்படுத்துவதே வழக்கமில்லை. ‘நேரமாச்சு அயித்தை, போவமா’ என்பதுதான் இங்கத்து முறை. உங்களை அவர்கள் கூப்பிட்டால், இருந்த இடத்திலிருந்தே ‘இந்தா வந்துட்டேன் அயித்தை’ என்று குரல் கொடுங்கள். அதற்கும் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது. விரைவைக் காட்டும்போது, இன்னும் நடக்காத செயலையும் நடந்து முடிந்ததாகச் சொல்லலாம் என்கிறார்: ‘இறந்த காலத்துக் குறிப்பொடு கிளத்தல் விரைந்த பொருள.’ உரைக்காரர்கள் காட்டுகிற உதாரணம், கூடப் போக வேண்டியவன் ‘இன்னும் சாப்பிடவில்லையா?’ என்று கேட்க, சாப்பாட்டில் கை வைக்காதவன் ‘உண்டேன், போந்தேன்’ என்று பதில் சொல்வது. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டே ‘வந்துட்டேன்’ என்று நீங்கள் சொன்னால் அது பொய்யில்லை, இலக்கணம்.

இது செட்டிநாட்டுச் சொல் மட்டும்தானா என்பதற்கும் ஒரு வரி. இல்லை. சிவகங்கை, ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருநெல்வேலி என்று தெற்கே பரவலாகக் கேட்கலாம். அது வடக்கேயும் மேற்கேயும் எந்த ஊரோடு நிற்கிறது என்று என்னால் கோடு போட்டுக் காட்ட முடியாது, அங்கெல்லாம் நான் தங்கிப் பழகியதில்லை.

எழுதும்போது ‘வெரசா’ என்று இடையின ரகரம் போடுங்கள். ‘வெறசா’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது விறகின் பக்கம் போய்விடும். அப்புறம் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் அயித்தைக்கும், வீட்டில் அவருக்கு மூத்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும், வாயில் வருவது ‘வெரசா’வா ‘வெரசலா’வா என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேளுங்கள். நேராகக் கேட்காதீர்கள், கேட்டால் எல்லாரும் எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுவார்கள். அடுப்படியில் பக்கத்தில் நின்றாலே போதும். எந்த வடிவம், அவர்கள் பிறந்த ஊர் எது என்று இங்கேயே கீழே எழுதினால், லகரம் எங்கே விழுந்தது என்று தேடுவதற்கு எனக்கு இன்னும் ஒரு புள்ளி கிடைக்கும்.